இரவல் பெயர்

இதை எழுதவேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், பிறகு தாளை மடித்துச் சாமித்தட்டில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு எழுத்து வராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் வருகிற ஒருத்தி இன்றைக்கும் வெளிநாட்டில் இருக்கிறாள். என்னுடைய எழுத்தால் அவளுடைய பத்திரங்களுக்கு ஒரு கெடுதல் வந்துவிடக்கூடாது என்ற பயம். அதனால் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. எந்த நாடு என்றும் எழுதப்போவதில்லை. ஊர் மட்டும் திருகோணமலை. அதையும் மறைத்தால் எனக்கு ஒரு வரியும் ஓடாது.

அவள் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தவள். உட்துறைமுகப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கைக்குழந்தையையும் கலியாணம் ஆகாத தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். புருசன் சீனன்குடாப் பக்கம் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதைப்பற்றி அவள் ஒருநாளும் என்னோடு கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை.

அவளைப்பற்றிச் சொல்ல முதலில் எனக்கு வாயில் வருவது குடைக் கதைதான்.

ஒரு மார்கழி மாதம், மழை விடாமல் கொட்டுகிறது. பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கடைக்குப் போகவேண்டும், குடை தாங்கோ அக்கா என்று வந்து நின்றாள். என்னுடைய புதுக்குடையைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பார்த்தால் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வழிகிறது. குடை மட்டும் மடித்தபடி, சட்டைக்குள் அணைத்துப் பிடித்தபடி, சொட்டு நனையாமல் இருக்கிறது.

“என்னடி இது? குடையைப் பிடிக்கத் தெரியாதோ உனக்கு?”

“கடற்கரைக் காத்து அக்கா. கம்பி முறிஞ்சா என்ன செய்யிறது? உங்கட புதுக்குடையல்லோ.”

“குடை நனையத்தானே வாங்கினது!”

“உங்கட கையிலை நனையட்டும்” என்றாள். பால்மாப் பெட்டியும் நனைந்து போயிருந்தது. அதற்கு அவளுடைய தங்கை பேசிய பேச்சு எங்கள் குசினிவரை கேட்டது.

அவள் அப்படித்தான். இடியப்ப உரலை வாங்கினால் புளி போட்டு மினுக்கி, உள்ளே இரண்டு முட்டையை வைத்துத்தான் திருப்பித் தருவாள். என் கணவரின் சைக்கிளைக் கேட்டால் காற்று அடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு வருவாள். ஒரு தடவை என்னுடைய கூறைச்சேலையை அவளுடைய சொந்தக்காரப் பிள்ளையின் சடங்குக்குக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டில் கறி பட்டுவிடும் என்று சாப்பிடாமலே வந்துவிட்டாள். “இரவல் சாமான் சாமி சாமான் மாதிரி அக்கா” என்பாள். நான் கோயில் குளம் என்று திரிகிறவள். ஆனால் சாமி சாமானைக்கூட நான் அவ்வளவு பக்குவமாகத் தொட்டிருக்கமாட்டேன்.

பிறகு அவள் ஒரு பெயரை இரவல் வாங்கினாள்.

அரபு நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகவேண்டிய நிலை வந்துவிட்டது. சின்னப்பிள்ளை உள்ள தாய்மார் போக ஏலாது என்று சட்டம். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. ஏஜென்சிக்காரர் எங்கள் விறாந்தையில் கதிரையில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“தங்கச்சி ஒராள் இருக்கிறா அல்லோ? கலியாணம் கட்டாதவ. அவவின்ர பேரிலை போங்கோ. பாஸ்போட்டிலை படம் உங்கட படம். அங்கை ஆர் கேக்கப்போறது?”

தங்கை கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். “எடு அக்கா. என்ர பேர் இஞ்சை சும்மாதானே கிடக்கு.”

அவள் சிரிக்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்து, “பழுதாக்காமல் கொண்டந்து தருவன்” என்றாள். குடை வாங்கும்போது சொல்வது மாதிரியேதான் சொன்னாள்.

போவதற்கு முதல்நாள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அவள் தங்கையின் பெயரைச் சொன்னாள், தங்கையின் நட்சத்திரத்தையும் சொன்னாள். “அம்மாளாச்சிக்கு முன்னாலையுமோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“போறது அவவின்ர பேர்தானே அக்கா. காவல் அதுக்குத்தான் வேணும்.”

அவள் அங்கே இருந்த காலமெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் நான் அர்ச்சனை செய்தேன். தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் அவளுடைய சொந்தப் பெயரையும் சொல்லிக்கொள்வேன். எது போய்ச் சேர்ந்தது என்று அம்மாளுக்குத்தான் தெரியும்.

தங்கை பிள்ளையை வளர்த்தாள். அதை மறைக்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவள். பள்ளிக்கூடத்துக்குக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள். ஊருக்குள் திரிகிற மான்கள் ஒழுங்கைக்குள் வந்து பூக்கன்றைத் தின்றால் பிள்ளைக்குக் காட்டிச் சோறு தீத்துவாள். அந்தப் பிள்ளை அவளையே அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது.

அரபு நாட்டில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் வேலைசெய்தவள் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். லீவில் வரும்போது பேரீச்சம்பழமும் கொண்டு எங்களிடம் வருவாள், நல்ல வாய்க்காரி. அவள்தான் அங்கத்தைய கதைகளைச் சொல்லிச் சிரிப்பாள். “ஒங்கட ஆளு ரோட்டக் கடக்கப் பச்ச லைட்டு எரிஞ்சாலும் நிப்பா. கேட்டா, தங்கச்சிட பேர்ல பொலிஸ்ல ஒண்டும் விழக்கூடாதாம். அந்த வீட்டுல ஒரு பிளேட்டு ஒடஞ்சா மூணு நாளைக்கு அழுவா, தங்கச்சிக்குக் கெட்ட பேராம். அரபிக்காரி ஏசினாலும் வாங்கிக்கிருவா. கெட்டிக்காரிண்டு பேரெடுத்தா மட்டும் சொல்லுவா, இது தங்கச்சிக்கு எண்டு.”

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற கதைதான்.

சில வருடத்தில் தங்கைக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பொருந்தியது. கலியாணத்துக்கு அவள் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள்; வேலை என்று நினைத்தேன். கலியாணத்தன்று காலையில் பொம்பிளைக்கு, தங்கைக்கு, கூறை உடுத்திவிட்டுக்கொண்டிருந்தோம். தங்கையின் கொண்டையில் பூ வைக்க அவள் இடதுகையைத் தூக்கினாள். தோளுக்கு மேல் கை எழும்பவில்லை. பின்னறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தேன். நான் பார்த்ததை இங்கே எழுதமாட்டேன்.

“என்னடி இது?”

“கட்டி அக்கா. கனநாளாக் கிடக்கு. முந்தி நோகேல்லை.”

“அங்கை டொக்டரிட்டைக் காட்டினனியோ?”

“ஆற்றை பேரிலை காட்டுறது?”

எனக்கு விளங்கவில்லை. அவள் என் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அந்த வீட்டு எசமானி இன்சூரன்ஸ் அட்டை கொடுத்திருந்தாளாம். அந்த அட்டையில் தங்கையின் பெயர். அதைக் காட்டி மருந்தெடுத்தால் தங்கையின் பெயரில்தான் இந்த நோய், இந்த வருத்தம் பதியும். நாளைக்குத் தங்கை விசாவுக்கு மெடிக்கல் போவாள். கொம்பியூட்டரில் தட்டிப் பார்ப்பார்கள். இது கெட்ட கட்டி என்றால், பொம்பிளைக்குப் புற்றுநோய் என்று காட்டும்.

“உலகத்துக் கொம்பியூட்டர் எல்லாம் ஒண்டுதான் அக்கா. அங்கை எல்லாரும் சொல்லுறவை.”

“அப்ப இஞ்சை உன்ர பேரிலை காட்டு. நாளைக்கே வா.”

“மாப்பிள்ளை வீட்டாக்கள் மண்டபத்திலை நிக்கினம். உந்த வருத்தத்தின்ர பேர் காதிலை விழுந்தாத் தாலி ஏறுமோ? சத்தம் போடாதேங்கோ அக்கா, உங்கட அம்மாளாச்சியாணை.”

வெளியே நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். அவள் சட்டையைச் சரிசெய்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போய்த் தோழியாக நின்றாள்.

அடுத்த கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளிகள் இருக்கும் வாங்கில் இருந்தோம். நேர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். அது அவளுடைய சொந்தப் பெயர், தாய் தகப்பன் வைத்த பெயர். அவள் அசையவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். இவள் பக்கத்தில் இருந்த கிழவியைப் பார்த்து, “உங்களையோ அம்மா?” என்று கேட்கிறாள். நான் இடித்த பிறகுதான் திடுக்கிட்டு எழும்பினாள். அத்தனை வருடமும் வேறு பெயருக்கு ஓடிப் பழகிய உடம்பு.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. சின்ன வயது. பரிசோதித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். பிறகு உடைந்த தமிழில், “ஏன் அம்மா இவ்வளவு லேட்?” என்றாள்.

“லீவு கிடைக்கேல்லை டொக்டர்” என்றாள் இவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே டொக்டர் இன்னொன்றும் சொன்னாள். இது குடும்பத்தில் வரக்கூடியது. தங்கை இருந்தால் காட்டவேண்டும், மகள் வளர்ந்தபிறகு அவளும் காட்டவேண்டும், மறக்கவேண்டாம் என்றாள். வெளியே வந்ததும் இவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப சொல்லாதேங்கோ அக்கா. இப்ப சொன்னா அவ பிளேன் ஏறமாட்டா. நான் போனாப்பிறகு ரெண்டு பேருக்கும் நீங்கள்தான் சொல்லவேணும்.” சரி என்றேன். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள்.

கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பார்ப்பது இலவசம்தான். அரசாங்கத்துக்கு அந்தப் புண்ணியம் போகட்டும். ஆனால் அது மருந்து இல்லாத காலம். வெளியில் வாங்குங்கோ என்று துண்டு எழுதித் தருவார்கள். வாங்கக் கூடிய விலையோ அது? அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெளிநாடு போகிற பெண்கள் எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போட்டுத்தானே அனுப்புகிறார்கள், வருத்தத்தோடு திரும்பினால் ஏதும் கிடைக்குமல்லவா? அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஏஜென்சிக்காரரிடமே போனேன்.

“வருத்தக்காரி ஆர்?” என்றார்.

“நான்தான் ஐயா.”

“இன்சூரன்ஸ் உங்கட பேரிலை இல்லையே.”

“என்ர தங்கச்சியின்ர பேரிலை.”

“அப்ப தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவை டொக்டர் பாத்து வருத்தமெண்டு எழுதவேணும்.”

“அவ நல்ல சுகமா இருக்கிறா ஐயா.”

“அப்ப ஏன் காசு கேக்கிறியள்?”

எனக்குப் பொறுக்கவில்லை. “தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இப்பிடிப் போகச்சொன்னது நீங்கள்தானே?” என்றேன். அவர் என்னை முதல்தரம் காண்பவர்போலப் பார்த்தார். “நானோ? சட்டவிரோதமான வேலை நான் சொல்லுவனோ அம்மா? கவனமாக் கதையுங்கோ.”

படி இறங்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்சூரன்ஸ் அவவுக்கு, வருத்தம் எனக்கு. கடவுளுக்கே விலாசம் மாறிப்போச்சு அக்கா.” சிரித்து முடியாமல் மூச்சு வாங்கியது. பஸ் நிலையத்து வாங்கில் நெடுநேரம் இருத்திவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் அந்தக் காசுக்காகத் தங்கையிடம் போய் ஒரு கையெழுத்துக் கேட்க என்னை விடவில்லை. வயிற்றுப்புண் என்றே வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். தங்கை நம்பினாள். நம்பவேண்டிய தேவை அவளுக்கும் இருந்தது.

பிள்ளையையும் தங்களோடு வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவென்று தங்கையும் அவளுடைய புருசனும் சட்டத்தரணி பிடித்து முறைப்படி பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். கையெழுத்து வைத்ததும் இவள்தான். பழைய பாஸ்போட் சிக்கலை யார் எப்படி அவிழ்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பிறகு தங்கை கொழும்புக்கு மெடிக்கல் போய்விட்டு வந்தாள். இவள் அப்போது படுக்கையில். ஒரு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தங்கை வாசலில் செருப்பைக் கழற்ற முதலே இவள் கேட்டாள்.

“என்ன கேட்டவை?”

“ஒண்டும் கேக்கேல்லை அக்கா. இரத்தம் எடுத்தவை, நெஞ்சுப் படம் எடுத்தவை. போகச் சொல்லிட்டினம்.”

“கொம்பியூட்டரிலை பாக்கேல்லையோ?”

“என்னத்தைப் பாக்கிறது?”

“அங்கை... அரபு நாட்டிலை இருந்தது, ஆஸ்பத்திரி, ஏதும்?”

“அதை ஆரக்கா பாக்கினம்? அவைக்கு வேறை வேலை இல்லையோ?” என்று சொல்லிக்கொண்டு தங்கை தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனாள்.

நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, “நல்லதுதானே அக்கா. துப்பரவாத்தான் திருப்பிக் குடுத்திருக்கிறன்” என்றாள். அன்றைக்கு எனக்கு அம்மாளோடும் கோபம் வந்தது. சாமித்தட்டில் விளக்கு வைக்கவில்லை. கணவர்தான் வைத்தார்.

தங்கையும் பிள்ளையும் பறந்த பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டிக் கிரியை செய்தோம். என் கணவர்தான் கடமை செய்தார். கிண்ணியாப் பெண் லீவில் வந்தவள் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். விறாந்தையில் இருந்து தலையில் அடித்துக்கொண்டாள். “அந்த மேடம் நல்லவ அக்கா. அவவே கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவ. வாசல்ல கதவத் தொறந்துக்கிட்டு ஓடி வந்திட்டா. ‘ஒனக்கென்ன விசரா புள்ள’ எண்டு நான் ஏசின ஏச்சு அல்லாவுக்குத்தான் தெரியும். ஊசிக்குப் பயமாம் எண்டு மேடத்துக்கிட்டச் சொல்லிட்டா.” அப்போதே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று அவள் என்னைக் கேட்டாள். நான் என்ன டொக்டரோ?

ஊர் சும்மா இருக்குமா? அரபு நாட்டிலிருந்து கூடாத வருத்தம் கொண்டுவந்தவளாம் என்று சந்தையில் கதைத்தார்கள். அதைச் சொன்ன ஒருத்தியோடு மீன் வாங்கப்போன இடத்தில் சண்டை பிடித்திருக்கிறேன்.

சத்தியத்தின்படி தங்கைக்கு ரெலிபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். போய்க் காட்டு என்றேன், ஓம் என்றாள். பிள்ளைக்கு வயது வரட்டும், நானே சொல்லுகிறேன் என்றாள். நம்பினேன். வருடங்கள் போயின. ஒருநாள் அவளே அங்கிருந்து ரெலிபோன் எடுத்தாள்.

“அக்கா, இஞ்சை இன்சூரன்ஸ் சேரேக்குள்ளை கேட்டவை, உடன்பிறந்த ஆக்களுக்கு உந்த வருத்தம் இருந்ததோ எண்டு. இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஊரிலை ஆரும் விசாரிச்சாலும் காய்ச்சலிலை போனவ எண்டு சொல்லுங்கோ.”

“ஏனடி அப்பிடிச் சொன்னனி?”

“ஓம் எண்டா எங்களைச் சேக்கமாட்டினம். சேத்தாலும் எங்களாலை கட்ட ஏலாது. இந்த நாட்டு ஆக்களுக்கு அவை வேலைசெய்யிற கந்தோர் காசு கட்டும். நாங்கள் கொந்தராத்துக்காரனுக்குக் கீழை கந்தோர் கூட்டுற ஆக்கள். எங்களுக்கு ஆர் கட்டுறது? இன்சூரன்ஸ் இல்லாமல் இஞ்சை டொக்டரின்ர வாசலுக்கும் போக ஏலாது அக்கா.”

“போய்க் காட்டினனியோ?”

“காட்டினா ஏன் காட்டுறாய் எண்டு கேப்பினமல்லோ. அப்ப பொய் பிடிபட்டிடும்.”

“பிள்ளை?”

“அவளும் என்ர இன்சூரன்ஸிலைதான். அவளுக்கும் காய்ச்சலெண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். தெரிஞ்சா எங்கையாவது வாய் விட்டிடுவாள்.”

“அவளைப் பெத்தவளடி. அவளுக்குச் சொல்லவேண்டாமோ? அவளும் காட்டவேணும் எண்டுதானே டொக்டர் சொன்னது? நீ சொல்லாட்டி நான் சொல்லுவன், ரெலிபோனைக் குடு” என்றேன்.

“வேண்டாம் அக்கா. உங்களுக்கு எங்கட பாடு விளங்காது.” அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு குரல் மாறியது. “அவ செத்தும் என்ர பேரை விடுறா இல்லை.”

யாருடைய பெயருக்காகச் செத்தாள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் ரெலிபோனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்தேன், வீடு மாறிவிட்டார்கள் என்றார்கள். அவளையும் முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததைக் கண்ட கண் இது. ஆனால் ஒரு பெண்ணைக் காப்பாற்றாத பொய்யையே எடுத்து இன்னும் இரண்டு பேருடைய தலையில் வைத்திருக்கிறாள். பிள்ளை இப்போது குமர்ப்பிள்ளையாக இருப்பாள்.

இனியும் பேசாமல் இருந்தால் சத்தியம் பொய்த்துவிடும். அதனால் எழுதினேன்.

இதை வாசிக்கிறவர்களை இரந்து கேட்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஆட்களுக்கு இதை அனுப்புங்கள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் எங்கேயாவது அந்தப் பிள்ளையிடம் சேரட்டும். என் எழுத்துப் பிழைகளை வேண்டுமானால் திருத்துங்கள். கதையைத் திருத்தவேண்டாம். செத்தவளைப் பெரிய தெய்வமாக்கவும் வேண்டாம், விசரி ஆக்கவும் வேண்டாம். தங்கையைத் திட்டி இரண்டு வரி சேர்க்கவும் வேண்டாம். முக்கியமாக, மானம் மரியாதை என்று நினைத்து வருத்தத்தின் பெயரை மாற்றிவிடாதீர்கள்.

பிள்ளை, உன்னைப் பெத்த அம்மா காய்ச்சலில் போகவில்லை. அவவுக்கு வந்தது மார்புப் புற்றுநோய். டொக்டரிட்டைப் போய் இதைச் சொல்லி, உடம்பைக் காட்டு. சித்தியையும் கூட்டிக்கொண்டு போ.